மூன்று முறை அழித்துப் போட்டும் கோட்பிளாக்ஸ் ஏன் பில்ட் செய்ய மறுக்கிறது?

தம்பி, நான் புரிந்துகொண்டது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ள, உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறீர்கள், டிப்ளோமா முதல் செமஸ்டர். அப்பா 1,400 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கித் தந்த பழைய லேப்டாப்பில், சி++ எழுதி ஓட்ட உதவும் மென்பொருளான கோட்பிளாக்ஸைப் போட்டிருக்கிறீர்கள். வகுப்பில் தந்த பத்து வரி சி++ புரோகிராமை அடித்து ‘பில்ட் அண்ட் ரன்’ அழுத்தினால், ‘இந்தப் புராஜெக்ட் இன்னும் பில்ட் ஆகவில்லை போலிருக்கிறது, இப்போது பில்ட் செய்யவா?’ என்று ஒரு பெட்டி வருகிறது. ‘யெஸ்’ கொடுத்தால் ஒன்றும் நடப்பதில்லை. மறுபடி அழுத்தினால் மறுபடி அதே பெட்டி. மூன்று முறை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாயிற்று. நண்பனின் லேப்டாப்பில் அதே புரோகிராம் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் அசைன்மென்ட் கொடுக்க வேண்டும். லேப்டாப் பழசு என்பதால்தான் இப்படியா, வேறு வாங்கச் சொல்லட்டுமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

லேப்டாப்பை விடுங்கள். அது காரணமே இல்லை என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். நாம் எழுதுவதைக் கணினி ஓட்டக்கூடியதாக மாற்றுவது கம்பைலர். கோட்பிளாக்ஸ் பயன்படுத்தும் ஜிசிசி என்ற கம்பைலரை ரிச்சர்ட் ஸ்டால்மன் முதன்முதலில் வெளியிட்டது 1987இல். மெமரியை மெகாபைட் கணக்கில் எண்ணிய காலம் அது. விண்டோஸ் திறந்து யூடியூப் ஓடுகிற எந்த லேப்டாப்பும் பத்து வரி சி++ஐக் கம்பைல் செய்துவிடும். பழசு என்றால் ஓரிரு நொடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

நான் பேசுவது எந்த அனுபவத்தில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சிப் சோதிக்கும் இயந்திரங்களுக்குப் பதினோரு வருடம் புரோகிராம் எழுதினேன். அதற்குப் பிறகு பினாங்கிலேயே ஒரு தனியார் கல்லூரியின் கணினிக் கூடத்தில் வேலை. ஒவ்வொரு செமஸ்டரும் முதல் இரண்டு வாரம் என் மேசைக்கு முன்னால் நிற்கும் வரிசையில் பாதிப் பேர் உங்கள் கேள்வியைத்தான் கையில் வைத்திருப்பார்கள். விண்டோஸில் சி, சி++ என்றால் நம்பிக்கையோடு பேசுவேன். ஆப்பிளின் மேக் கணினிப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அதைத் தொடவில்லை. இன்னொன்று, பொத்தான், மெனு, எர்ரர் எல்லாவற்றையும் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். திரையில் ஆங்கிலத்தில் இருக்கும், நீங்களும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

கோட்பிளாக்ஸ் உங்கள் புரோகிராமைக் கம்பைல் செய்வதே இல்லை. நாசி கண்டார் கடையில் ஆர்டர் எடுக்கிற தம்பி மாதிரி அது. நீங்கள் சொன்னதை வாங்கிக்கொண்டுபோய் உள்ளே இருக்கிறவரிடம் சொல்லும், அவர் தருவதைக் கொண்டுவந்து வைக்கும். உள்ளே இருக்கிறவர் ஜி++ என்கிற தனிப் புரோகிராம், ஜிசிசியின் சி++ கம்பைலர். அவரும் ஒரே ஆள் இல்லை. ஹேஷ் போட்ட வரிகளைப் பிரித்து விரிப்பது ஒருவர் வேலை, சி++ஐ அசெம்பிளியாக மாற்றுவது இன்னொருவர் வேலை, அதை இயந்திர எழுத்தாக்கி ஆப்ஜெக்ட் ஃபைலாக வைப்பவர் மூன்றாமவர், துண்டுகளைக் கோத்து இஎக்ஸ்இ ஆக்கும் லிங்கர் நான்காமவர். அதற்குப் பிறகு அந்த இஎக்ஸ்இ-யைத் திறந்து ஓட்டுவது விண்டோஸின் வேலை. ஒரே பொத்தான் இத்தனை பேரையும் மறைத்துவிடுகிறது. எவருடைய கையில் வேலை நின்றுபோனது என்று கண்டுபிடித்தால் மருந்து தானாகத் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்காமல் அழித்து அழித்துப் போடுவது, சமையல்காரர் வராத கடையில் மேசையை மூன்று முறை துடைத்த கதை.

உங்கள் விஷயத்தில் நின்றது எங்கே? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஜி++ஐக் கோட்பிளாக்ஸ் கண்டுபிடிக்கவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பில்ட்டின்போது நடந்ததைக் கோட்பிளாக்ஸ் எழுதிவைக்கும் லாக்கைப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டி, ‘யெஸ்’ கொடுத்தும் அசையாதது, நண்பனிடம் ஓடுவது என்ற மூன்றும் சேர்ந்து என் மேசைக்கு வந்தபோதெல்லாம் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருந்தது.

இதற்கு வேர் பதிவிறக்கப் பக்கத்தில் இருக்கிறது. விண்டோஸுக்கு ஒரு ஃபைல் அல்ல, பல ஃபைல்கள் அங்கே உண்டு. 20.03 பதிப்பை எடுத்துக்கொண்டால், மேலே இருப்பது வெறும் ‘செட்டப்’ என்ற பெயருடையது, அதில் கம்பைலர் கிடையாது. பெயருக்குள் ‘மிங்டபிள்யூ’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொன்றில்தான் ஜிசிசி 8.1 சேர்ந்து வருகிறது. மிங்டபிள்யூ என்பது விண்டோஸில் ஓடும்படி ஜிசிசியைக் கட்டித் தரும் தொகுப்பு. பக்கத்திலேயே குறிப்பும் போட்டிருப்பார்கள், ஆனால் அவசரத்தில் இருக்கிறவர் மேலே இருப்பதைத்தான் அழுத்துவார். என் வகுப்பில் மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே ஒருமுறை கூடத்துக் கணினியில் தவறானதைப் போட்டுவிட்டுப் பசியாறப் போயிருக்கிறேன்.

‘மூன்றாவது முறை மிங்டபிள்யூ உள்ளதைத்தான் போட்டேன், அப்போதும் ஓடவில்லை’ என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் பலர் மனம் உடைந்து லேப்டாப்பைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். கோட்பிளாக்ஸை அழிக்கும்போது புரோகிராம்தான் போகிறது, அமைப்புகள் போவதில்லை. உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் கோட்பிளாக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் ‘டிஃபால்ட் டாட் கான்ஃப்’ என்ற ஃபைல். முதல் முறை கம்பைலர் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொண்ட சங்கதி அதில் எழுதிக் கிடக்கிறது. புதிதாகப் போட்ட கோட்பிளாக்ஸ் வந்ததும் முதலில் படிப்பது அந்தப் பழைய சீட்டைத்தான். கம்பைலர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, இல்லாத இடத்தில் போய்த் தேடிக்கொண்டிருக்கும்.

சரிசெய்ய இரண்டு வழி. நல்ல வழி: ‘செட்டிங்ஸ்’ மெனுவில் ‘கம்பைலர்’, அதில் ‘டூல்செயின் எக்ஸிகியூட்டபிள்ஸ்’ என்ற தாவல். மேலே கம்பைலர் இருக்கும் ஃபோல்டரைக் கேட்கும் ஒரு நீளப் பெட்டி, பக்கத்தில் ‘ஆட்டோ டிடெக்ட்’. அதை அழுத்துங்கள். கண்டுபிடித்தால் பாதையை அதுவே நிரப்பும். கண்டுபிடிக்கவில்லை என்றால் கையால் காட்டுங்கள். வழக்கமாக அது சி டிரைவில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’, அதற்குள் ‘கோட்பிளாக்ஸ்’, அதற்குள் ‘மிங்டபிள்யூ’. அங்கேயே நில்லுங்கள். ஜி++ இருப்பது ‘பின்’ என்ற உள் ஃபோல்டரில் என்பதால் புத்திசாலிப் பிள்ளைகள் ஒரு படி கூடுதலாக இறங்கி ‘பின்’ வரை காட்டிவிடுவார்கள். ‘பின்’னைக் கோட்பிளாக்ஸ் தானே சேர்த்துக்கொள்ளும், நீங்களும் சேர்த்தால் ‘பின்’னுக்குள் இன்னொரு ‘பின்’னைத் தேடும். முரட்டு வழி: கோட்பிளாக்ஸை மூடிவிட்டு அந்த ‘டிஃபால்ட் டாட் கான்ஃப்’ ஃபைலின் பெயரை மாற்றிவையுங்கள். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். மறுபடி திறக்கும்போது முதல் நாள் போலக் கம்பைலரைத் தேடத் தொடங்கும்.

இதைச் செய்த பிறகும் செய்வதற்கு முன்பும் பார்க்க வேண்டிய இடம் ஒன்று, திரையின் கீழ்ப்பகுதி. அங்கே ‘பில்ட் மெசேஜஸ்’ என்று ஒரு தாவலும் ‘பில்ட் லாக்’ என்று ஒரு தாவலும் இருக்கும். எல்லாரும் முதலாவதைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அது கலர் கலராக இருக்கிறது. உண்மை இருப்பது இரண்டாவதில். கம்பைலர் கிடைக்காதபோது அங்கே ‘கம்பைலர்ஸ் செட்டப் இஸ் இன்வாலிட்’ என்று ஒரு நீள வரி வரும், டூல்செயின் தாவலுக்குப் போய்ச் சரிசெய்யச் சொல்லி வழியும் காட்டும். அதோடு நிற்காமல் ‘ஸ்கிப்பிங்’ என்று ஒரு வரி, ‘நத்திங் டு பி டன், ஆல் ஐட்டம்ஸ் ஆர் அப் டு டேட்’ என்று ஒரு வரி. கடைசி வரியை மட்டும் வாசித்தவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைப்பார். வேறு சில நேரம் ‘0 எர்ரர், 0 வார்னிங்’ என்று இருக்கும், அதற்கு மேலேயே ‘புராசஸ் டெர்மினேட்டட் வித் ஸ்டேட்டஸ் -1’ என்று இருக்கும். கம்பைலர் ஓடவே இல்லை, பிறகு எர்ரரை யார் எண்ணுவது? அதனால்தான் பூஜ்யம். நல்லபடி முடிந்திருந்தால் அந்த ஸ்டேட்டஸ் 0 ஆக இருக்கும்.

அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், கோட்பிளாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே இருக்கிறவரிடம் நேராகப் பேசுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘சிஎம்டி’ என்று அடித்தால் கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் ‘ஜி++’ என்று அடித்து, ஒரு இடம் விட்டு, இரண்டு சிறுகோடும் ‘வெர்ஷன்’ என்ற சொல்லும் ஒட்டி அடியுங்கள். பதிப்பு எண் வந்தால் கம்பைலர் நலம். ‘இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்’ இல்லை என்று சொன்னால், கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்று விண்டோஸ் வைத்திருக்கும் ‘பாத்’ பட்டியலில் அந்த ‘பின்’ ஃபோல்டர் இல்லை என்று மட்டும்தான் பொருள். கம்பைலரே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கோட்பிளாக்ஸுக்கு ‘பாத்’ தேவையில்லை, அது தன் அமைப்பில் எழுதியிருப்பதை வைத்தே வேலை செய்யும். அதனால் கறுப்பு ஜன்னலில் ‘சிடி’ கட்டளையால் மிங்டபிள்யூவின் ‘பின்’ ஃபோல்டருக்குள் போய், அங்கிருந்து மறுபடி கேளுங்கள். அப்போதும் பதில் இல்லை என்றால் உண்மையிலேயே இல்லை. ‘பாத்’தை மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்கு அந்த மாற்றம் தெரியாது. மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஒரு பிற்பகல் முழுக்க ‘பாத்’தை மாற்றிக்கொண்டே இருந்த மாணவி இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறார், நினைவுபடுத்தினால் சிரிப்பார்.

அதே ஜன்னலில் ‘வேர்’ என்று அடித்து இடம் விட்டு ‘ஜி++’ என்று கொடுத்தால், பாத்தில் உள்ள எல்லா ஜி++களின் முகவரியும் வரிசையாக வரும். பழைய லேப்டாப் என்றீர்களே, முன்பு வைத்திருந்தவர் கோட்பிளாக்ஸ் போன்ற பழைய டெவ்-சி++ போட்டிருக்கலாம், வேறு ஏதோ மென்பொருள் தன்னோடு ஒரு ஜி++ஐக் கூட்டி வந்திருக்கலாம். இரண்டு பேர் இருந்தால் சண்டைதான். ஒருவருடைய லைப்ரரியை இன்னொருவர் கட்டிய இஎக்ஸ்இ திறக்கப் பார்க்கும், ‘என்ட்ரி பாயின்ட்’ கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வரும். உங்களிடம் இப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பழைய மெஷின் என்பதால் பார்த்துவையுங்கள்.

இனி சொல்லப்போவது உங்களுக்குப் பொருந்துமா என்பது எனக்கு நிச்சயமில்லை, ஆனால் பொருந்தினால் மேலே சொன்ன எதுவும் உதவாது. புரோகிராமை எந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறீர்கள்? ஞாயிறு வகுப்பில் ஒரு பையன். சுறுசுறுப்பு, கை சுத்தம். கம்பைலர் இருக்கிறது, அமைப்பு சரி, கறுப்பு ஜன்னலில் ஜி++ பதில் சொல்கிறது. ஆனாலும் அவன் ஃபைலை மட்டும் கம்பைல் செய்ய மாட்டேன் என்கிறது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். லாக்கில் ஃபைலின் பாதை இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. அதைப் பார்த்த பிறகுதான் டெஸ்க்டாப்பைப் பார்த்தேன். ஃபோல்டருக்கு அவன் வைத்திருந்த பெயர் ‘பயிற்சி’. தமிழில்.

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை தமிழில் பெயர் வைத்ததற்கு நான் பாராட்ட வேண்டியவள், அழிக்கச் சொல்ல வேண்டியவளாகிவிட்டேன். காரணம் இதுதான். பழைய புரோகிராம்கள் ஃபைல் பெயரை விண்டோஸிடம் கேட்கும்போது 256 இடங்கள் கொண்ட ஒரு பழைய எழுத்து அட்டவணை வழியாகக் கேட்கும். ஆங்கிலத்துக்கு ஓர் அட்டவணை உண்டு, அரபுக்கு உண்டு, தாய் மொழிக்கு உண்டு. தமிழுக்கு விண்டோஸ் அப்படி ஒன்றை வைத்ததே இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான அட்டவணை யூனிகோட். 1991இல் அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பிடித்துவிட்டது, விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோது நேராக யூனிகோடாகவே வந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டியவர்களுக்கு அதற்கு முந்தைய காலம் நினைவிருக்கும், எழுத்துரு மாறினால் கடிதம் முழுக்கக் குப்பையாகும். ஆக, பழைய வழியில் கேட்கிற புரோகிராமுக்குத் தமிழ் எழுத்து எல்லாமே கேள்விக்குறி. கேள்விக்குறியை ஃபைல் பெயரில் விண்டோஸ் அனுமதிப்பதில்லை. கதை அங்கே முடிந்தது. ஜிசிசியின் அண்மைப் பதிப்புகளில் நிலைமை தேறியிருக்கிறது, 8.1இல் தேறவில்லை. அதனால் படிக்கிற காலத்துக்குச் சி டிரைவில் நேராக ‘கோட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். புரோகிராமுக்குள் நீங்கள் எழுதும் குறிப்புகள் தமிழில் தாராளமாக இருக்கலாம், யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் சேமித்தால் ஜி++ அதைப் பற்றிக் கவலைப்படாது.

இடைவெளி விட்ட பெயர்களும் சில நேரம் தொல்லை. நம்மவர்களில் பலர் அடையாள அட்டையில் இருப்பது போலவே முழுப் பெயரையும் யூசர் பெயராகக் கொடுப்பார்கள். இன்னாரின் மகன் என்பதைக் குறிக்கும் ஏ சாய்கோடு எல் என்று அடிக்கப் பார்ப்பார்கள், சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது, உடனே அந்த இடத்தில் இடைவெளி விட்டுவிடுவார்கள். கோட்பிளாக்ஸ் இடைவெளியைப் பொதுவாகச் சமாளித்துவிடும், ‘மேக்’ என்ற பில்ட் கருவியை (ஆப்பிள் கணினி அல்ல) நம்பியிருப்பவை தடுமாறும். டெஸ்க்டாப், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் அது இன்னொரு குழப்பம், நீங்கள் பில்ட் செய்துகொண்டிருக்கும்போதே அந்த ஃபைலை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். சி டிரைவில் அந்தச் சின்ன ஃபோல்டர் என்று ஒன்று இருந்தால் இதெல்லாம் கிட்டவே வராது.

ஃபைலின் வால் பெயரையும் பாருங்கள். விண்டோஸ் அதை இயல்பாகவே மறைத்துவைக்கும். ‘டாட் சிபிபி’ என்று நினைத்துச் சேமித்தது ‘டாட் சிபிபி டாட் டிஎக்ஸ்டி’ ஆக இருக்கலாம். வெறும் ‘டாட் சி’ ஆக இருந்தால் ஜிசிசி அதைச் சி மொழி என்று எடுத்துக்கொண்டு, ‘ஐஓஸ்ட்ரீம்’ என்ற ஃபைல் இல்லை என்று சொல்லும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ மெனுவுக்குப் போய் வால் பெயரைக் காட்டச் சொல்லிவிடுங்கள், ஆயுசுக்கும் உதவும்.

ஒரு சின்னக் கோபம், சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் தமிழில் விளக்கம் வேண்டும் என்று தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்க்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள், நானும் பார்ப்பேன். ஆனால் அவற்றில் சில இன்றைக்கும் டர்போ சி++இல் ஓடுகின்றன. அது போர்லாண்ட் நிறுவனம், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் தந்த பொருள், 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது, டாஸ்பாக்ஸ் என்ற பொய் டாஸுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். அங்கே எழுதும் ‘ஐஓஸ்ட்ரீம் டாட் எச்’, ‘சிஎல்ஆர்எஸ்சிஆர்’, ‘வாய்ட் மெயின்’ மூன்றையும் மிங்டபிள்யூ தூக்கியெறியும். 1998இல் சி++க்கு முதல் தரநிலை வந்தபோதே ‘டாட் எச்’ இல்லாத ‘ஐஓஸ்ட்ரீம்’தான் சரி என்று முடிவாகிவிட்டது. பார்த்து எழுதியதில் இவை இருந்தால், கெட்டுப்போனது உங்கள் கம்பைலர் இல்லை.

கம்பைலர் கிடைத்த பிறகு அடுத்த சுவர் லிங்கர். ‘எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்ற வரியைப் பார்த்தால் அந்த வரியைத் தேடிக்கொண்டு கூகுளுக்கு ஓடாதீர்கள், அது ‘முடியவில்லை’ என்கிற பெருமூச்சு மட்டும். காரணம் அதற்கு மேல் வரியில் இருக்கும். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு வின்மெயின்’ என்றால் உங்கள் புரோகிராமில் ‘மெயின்’ இல்லை: எழுத்துப் பிழை, அல்லது ஃபைலைச் சேமிக்கவில்லை, அல்லது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபைல் புராஜெக்டில் சேரவே இல்லை. இடப்பக்கப் பட்டியலில் தடித்த எழுத்தில் இருக்கும் புராஜெக்ட்தான் பில்ட் ஆகும், திரையில் திறந்திருப்பது அல்ல.

‘பர்மிஷன் டினைட்’ என்று வந்தால் எனக்கு ஓர் இரவு ஷிஃப்ட் ஞாபகம் வரும். தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வருடம், விடிகாலை மூன்று மணி இருக்கும். ஒரு எண்ணை மாற்றிப் பில்ட் செய்கிறேன், ‘பர்மிஷன் டினைட்’. பாஸ்வேர்ட் பிரச்சினை என்று நினைத்து அட்மின் உரிமை கேட்டு இரண்டு பேரை எழுப்பினேன். வந்தவர் ஒன்றும் பேசாமல் கீழ்ப்பட்டையில் சுருங்கிக் கிடந்த கறுப்பு ஜன்னலைத் திறந்து காட்டினார். முந்தைய ஓட்டம் ஓர் எண்ணைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இஎக்ஸ்இ மேல் எழுத விண்டோஸ் யாரையும் விடாது. ஜன்னலை மூடினேன், பில்ட் ஆனது. அவர் டீ குடிக்கப் போய்விட்டார். ஜன்னல் கண்ணில் படவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் உங்கள் புரோகிராமின் பெயரைத் தேடி நிறுத்துங்கள்.

ஆன்டிவைரஸைப் பற்றி அளவோடுதான் சொல்வேன், ஏனென்றால் எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழுகிறது. இப்போதுதான் பிறந்த, டிஜிட்டல் கையெழுத்தில்லாத ஒரு இஎக்ஸ்இ-யைச் சந்தேகப்படுவது அதன் வேலை, உங்கள் அசைன்மென்டும் அப்படி ஒன்றுதான். பில்ட் ஆனது, இஎக்ஸ்இ இருந்தது, சற்று நேரத்தில் மாயமானது என்றால் மட்டும் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘புரொடக்‌ஷன் ஹிஸ்டரி’யைப் பாருங்கள். உங்கள் ஃபைல் பெயர் அங்கே இருந்தால் அந்த ‘கோட்’ ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். முழுக்க அணைக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

பில்ட் ஆகி, ஓடும்போது விழுந்தால் கறுப்பு ஜன்னலில் ‘புராசஸ் ரிட்டர்ன்ட்’ என்று ஓர் எண் வரும். 0 நல்லது. -1073741515 என்றால் ஓடுவதற்குத் தேவையான டிஎல்எல் என்ற லைப்ரரி ஃபைல் கிடைக்கவில்லை. நண்பன் கட்டிய இஎக்ஸ்இ-யை அப்படியே வாங்கி வந்தவர்களுக்கு இது அதிகம் வரும். -1073741819 என்றால் உங்கள் புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டுவிட்டது, அது உங்கள் கோடில் உள்ள பிழை, சூழலைக் குறை சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு ‘பேசாமல் விஎஸ் கோட் போடு’ என்று யாராவது சொல்வார்கள். நல்ல எடிட்டர்தான், நானும் அதில்தான் எழுதுகிறேன். ஆனால் அதுவும் ஆர்டர் எடுக்கிற தம்பிதான். சி++ நீட்சியைப் போட்டாலும் கம்பைலர் கூட வராது. அதே மிங்டபிள்யூவைத் தனியாகப் போட்டு, ‘பாத்’தில் சேர்த்து, அமைப்புகளை எழுதும் இரண்டு ஜேசன் ஃபைலோடும் மல்லுக்கட்ட வேண்டும். செமஸ்டர் விடுமுறையில் செய்யுங்கள், இந்த வாரம் வேண்டாம்.

பதிவிறக்கம் மெதுவாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நண்பனின் லேப்டாப்பில் உள்ள ‘மிங்டபிள்யூ’ ஃபோல்டரை முழுசாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்து உங்கள் சி டிரைவில் போட்டாலே போதும். மிங்டபிள்யூ எந்த இடத்தில் வைத்தாலும் ஓடும் வகை, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எதையும் எழுதி வைக்காது. பிறகு டூல்செயின் தாவலில் அந்த இடத்தைக் காட்டுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ‘பின்’ வரை போக வேண்டாம். வியாழன் இரவுக்குள் முடியவில்லை என்றால் உலாவியிலேயே ஓடும் ஆன்லைன் கம்பைலர் ஒன்றில் புரோகிராமை ஒட்டி ஓட்டிப் பார்த்து, அசைன்மென்டைக் கொடுத்துவிடுங்கள். சூழலைச் சனிக்கிழமை சரிசெய்யலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் மூன்று விஷயம் அனுப்புங்கள்: பில்ட் லாக் முழுவதும், டூல்செயின் பெட்டியில் உள்ள பாதை, உங்கள் ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் பாதை. திரையைக் கைப்பேசியில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். அதுவரை அப்பாவிடம் லேப்டாப்பைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.